பதினேழாம் நாள் காய்ச்சல்

கொடைக்கானலில் காய்ச்சல் என்றால் யாரும் பதறுவதில்லை. மார்கழிப் பனியில் பூண்டு வயலுக்குப் போய்வந்தவருக்கு உடம்பு சுட்டால், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். ஏற்றத்தில் நடக்கும்போது மூச்சு வாங்கினால், மலையில் மூச்சு வாங்காமல் இருக்குமா என்பார்கள். சுக்கையும் மிளகையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதுவே போதும். இரண்டு மூன்று நாளில் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால் காய்ச்சலில் படுத்திருப்பவர் இரண்டு, இரண்டரை வாரத்துக்கு முன்புதான் குளோசபைன் என்ற மனநோய் மாத்திரையைத் தொடங்கியவராக இருந்தால், அந்தக் காய்ச்சலை அப்படி விட்டுவிடக் கூடாது. அவருடைய இதயத் தசையில் அழற்சி தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோசபைன் பல குடும்பங்களுக்கு மகனையோ மகளையோ மீட்டுக் கொடுத்த மருந்து. அதன் ஆபத்தைப் பற்றி எழுதுவதே, அதைத் தைரியமாகக் கொடுக்கவும் சாப்பிடவும் வழி இருக்கிறது என்பதால்தான்.

மனச்சிதைவு நோயில் காதுக்குள் குரல்கள் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகம் கல்லாய் இறுகும். குளிப்பதும் பேசுவதும்கூட நின்றுபோகும். வழக்கமான மருந்துகள் பலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்துப் பார்த்த பின்னும் குரல்கள் ஓய்வதில்லை. அவர்களுக்கென்று மருத்துவத்தின் கையில் உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுதான். அது குளோசபைன்.

அதன் கதை ஏற்ற இறக்கம் நிறைந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் என்ற மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1958-ல் இதை உருவாக்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மற்ற மனநோய் மருந்துகளைப் போல இது கைகால்களை விறைக்க வைக்கவில்லை என்பதே மருத்துவர்களுக்கு வியப்பாக இருந்தது. 1975-ல் பின்லாந்திலிருந்து துக்கச் செய்தி வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போய், தொற்று முற்றி எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கிவைத்தன.

மீட்டுக் கொண்டுவந்தது அமெரிக்காவில் ஜான் கேன் தலைமையில் நடந்து 1988-ல் வெளிவந்த ஆய்வு. வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத 268 நோயாளிகள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குளோசபைன், மீதிப் பேருக்குப் பழைய குளோர்புரோமசின். ஆறு வாரத்தின் முடிவில் பழைய மருந்தில் 4 சதவீதம் பேர் தேறினார்கள். குளோசபைனில் 30 சதவீதம் பேர். அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. வாரா வாரம் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. எண்ணத் தொடங்கியதும் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

பின்லாந்திலிருந்து 2009-ல் இன்னொரு செய்தி வந்தது. யாரி டீஹோனன் குழுவினர் 66,881 மனச்சிதைவு நோயாளிகளின் பதினோரு ஆண்டுப் பதிவேடுகளைத் தொகுத்து லான்செட் இதழில் எழுதினார்கள். மனநோய் மருந்துகளிலேயே இறப்பு மிகக் குறைவாக இருந்தது குளோசபைன் சாப்பிட்டவர்களிடம்தான். எந்த நாட்டில் அது எட்டு உயிரைப் பறித்ததோ அதே நாட்டின் கணக்கு இது. கண்காணிப்போடு கொடுத்தால் இந்த மருந்து உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இரத்தத்துக்கு வரும் ஆபத்தைப் பழகிக்கொண்ட மருத்துவ உலகம் இதயத்துக்கு வரும் ஆபத்தைக் கவனிக்க இன்னும் பத்தாண்டு ஆனது. 1999-ல் சிட்னியைச் சேர்ந்த கிலியன் என்பவரும் மூன்று மருத்துவர்களும் ஆஸ்திரேலியப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1993 முதல் அங்கே சுமார் 8,000 பேர் குளோசபைன் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் 23 பேருக்கு இதயத் தசைக் கோளாறு. 15 பேருக்குத் திடீர் அழற்சி, 8 பேருக்கு இதயம் தளர்ந்து விரிந்துபோகும் நோய். ஆறு பேர் இறந்திருந்தார்கள். சராசரி வயது 36. மாரடைப்பை எதிர்பார்க்கிற வயதல்ல அது. எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி இன்னொன்று: திடீர் அழற்சி கண்ட அந்த 15 பேருக்குமே மாத்திரை தொடங்கிய மூன்று வாரத்துக்குள் அது வந்திருந்தது.

அழற்சி என்றால் என்ன நடக்கிறது? காலில் முள் தைத்த இடம் சிவந்து, சூடேறி, வீங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உடம்பின் காவல் அணுக்கள் அங்கே வந்து குவிவதால் வருவது அது. அதே குவிதல் ஓயாமல் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும் இதயத் தசையின் இழைகளுக்கிடையே நடந்தால், வீங்கிய தசை சரியாகச் சுருங்காது. இதயம் இறைக்கும் இரத்தம் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். குளோசபைனால் இறந்தவர்களின் இதயத் தசையைச் சாயம் ஏற்றி நுண்நோக்கியில் பார்த்தபோது, தசை இழைகளின் நடுவே ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் காணப்பட்டன. உள்ளே சிவந்த மணல்மணிகளை அள்ளிப் போட்டதுபோல் தெரியும் அணுக்கள் அவை. பொதுவாக ஒவ்வாமை உள்ள இடத்தில்தான் அவை கூடும். அதனால் இது மருந்துக்கு எதிரான ஒவ்வாமை வகையைச் சேர்ந்தது என்ற கருத்து வலுப்பட்டது. குளோசபைன் உடம்பில் சிதையும்போது நைட்ரீனியம் அயனி என்ற, எதனோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் துண்டு உருவாகிறது. அது சொந்தப் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ள, காவல் அணுக்கள் சொந்தத் திசுவையே அந்நியமாக எண்ணித் தாக்குகின்றன என்பது ஒரு விளக்கம். முழு வழியும் இன்னும் துலங்கவில்லை.

இதில் குழப்பம் எங்கே வருகிறதென்றால், குளோசபைனின் முதல் சில வாரங்களில் ஒரு தீங்கும் இல்லாத காய்ச்சலும் பலருக்கு வரும். ஒரு தீங்கும் இல்லாத படபடப்பும் வரும். ஆபத்தான காய்ச்சலுக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் முகத்தில் வேறுபாடு தெரியாது. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, மனச்சிதைவு உள்ளவர் தன் நெஞ்சு என்ன செய்கிறதென்று எடுத்துச் சொல்லும் நிலையில் இல்லாமலும் இருக்கலாம். சொன்னாலும், அவருடைய பேச்சு எதையும் வீட்டார் நம்பாத பழக்கம் வந்திருக்கும். இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். காதில் குரல் கேட்கிறது என்று சொல்பவர் நெஞ்சு வலிக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டாவது முழு உண்மையாக இருக்கலாம்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி வகுத்தவர் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காத்லின் ரொனால்ட்சன். 2011-ல் அவருடைய குழு, அழற்சி கண்ட 75 பேரையும் காணாத 94 பேரையும் ஒப்பிட்டு ஒரு நடைமுறையைச் சொன்னது. மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு நான்கு வாரம் வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு பரிசோதனைகள். ஒன்று ட்ரோபோனின், இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கசியும் புரதம். மற்றொன்று சி.ஆர்.பி, உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கும் புரதம். ட்ரோபோனின் இயல்பின் மேல் எல்லையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினாலோ, சி.ஆர்.பி லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினாலோ மாத்திரையை நிறுத்தி, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ படபடப்போ இருந்து இந்த அளவுகள் அதற்குக் கீழே நின்றால், மாத்திரையைத் தொடர்ந்தபடி தினமும் இரத்தம் பார்க்கலாம். தினமும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சிலருக்கு உடம்பு முடியாமல் போய் ஐந்து நாள் வரை கழித்தே ட்ரோபோனின் ஏறியது. ஒரு தடவை சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டால் ஏமாந்துபோவோம்.

அந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அழற்சி தென்பட்டது 14 முதல் 21 நாளுக்குள். நடுநாள் பதினேழு.

கொடைக்கானல்காரர்களுக்கு இந்த முறையைப் புரியவைப்பது எளிது. அங்கே உள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் வானம் திறந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். நேற்றைய படம் இருப்பதால்தான் இன்றைய கரும்புள்ளி புதிதா, பழையதா, வளர்கிறதா என்று சொல்ல முடிகிறது. ட்ரோபோனினும் அப்படித்தான். மாத்திரைக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பதினேழாம் நாள் அளவு பேசும்.

இந்த ஆபத்து எவ்வளவு அரிது என்பதையும் சொல்ல வேண்டும். டான் சிஸ்கின்ட் குழுவினர் 2020-ல் உலக ஆய்வுகளைத் திரட்டி, ஏறக்குறைய 2,59,000 பேரின் கணக்கைச் சேர்த்தார்கள். இதயத் தசை அழற்சி வந்தவர்கள் ஆயிரத்தில் ஏழு பேர். அப்படி வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறந்திருந்தார். ஆயிரத்தில் ஏழு என்பது சிறிய எண். ஆனால் எட்டில் ஒருவர் என்பது, கண்டுகொள்ளாமல் விடக் கூடிய எண்ணல்ல.

ஆஸ்திரேலியாவில் மட்டும் இது ஏன் அதிகமாகத் தெரிகிறது என்ற கேள்வி நெடுநாளாக உண்டு. தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிறது என்பது ஒரு பதில். மருந்தின் அளவை அங்கே வேகமாக ஏற்றினார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2012-ல் ரொனால்ட்சன் குழு வெளியிட்ட கணக்கின்படி, முதல் ஒன்பது நாளில் சாப்பிட்ட மொத்த மருந்தில் ஒவ்வொரு 250 மில்லிகிராமுக்கும் ஆபத்து 26 சதவீதம் கூடியது. கூடவே சோடியம் வால்புரோவேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து இரண்டரை மடங்கு.

ஆக, வேகம்தான் விஷயம். 25 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து, 12.5 மில்லிகிராமில்தான் முதல் நாள் தொடங்குவார்கள். இதைப் பார்த்ததும், மகன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, ஒரு முழு மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்தப் பாதி மாத்திரையின் மெதுவான ஏற்றம்தான் இதயத்துக்குக் காவல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். குளோசபைனைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி, சி.ஒய்.பி 1ஏ2 என்று பெயர். ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் இந்த வேலை மெதுவாக நடக்கிறது. நம் நோயாளிகளுக்கு மேல்நாட்டுப் புத்தகம் சொல்லும் அளவில் பாதி போதுமா என்று நேரடியாகவே கேட்டு, 2020-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வேலூர் சி.எம்.சி.யும் நம்மவர்களின் இந்த நொதி மரபணுவை ஆராய்ந்திருக்கிறது. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டி, பாகிஸ்தான் முதல் ஜப்பான் வரையுள்ள மக்களுக்குத் தனியான, மெதுவான ஏற்றத்தை வகுத்துக் கொடுத்துவிட்டது. மேல்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து நம்மவருக்குப் போடுவது, ஒரு கணக்கில், வேகமாக ஏற்றுவதற்குச் சமம்.

இதே நொதிதான் காப்பியையும் சிதைக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் கீழ்ப்பழனி மலையில் மிளகுக் கொடிகளுக்கும் ஆரஞ்சு மரங்களுக்கும் நடுவே விளைகிற காப்பி. அதன் கஃபீனும் குளோசபைனும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கின்றன. திடீரென்று காப்பியைக் கூட்டினால் மருந்து வெளியேற இடமில்லாமல் இரத்தத்தில் தேங்கும். புகை இதற்கு நேர் எதிர். பீடிப் புகையும் சிகரெட் புகையும் அந்த நொதியைத் தூண்டிவிடும். மருந்து சீக்கிரம் கரைந்துபோகும். அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு கொடுத்திருப்பார்கள். அவர் ஒரே நாளில் பீடியை விட்டால் அதே அளவு மாத்திரை ஓரிரு வாரத்தில் உடம்புக்கு மிதமிஞ்சிப் போகும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போடுகிறவர்கள் பீடியைத் தொடமாட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குளோசபைன் சாப்பிடுகிறவர் மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும் எவரும் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் இதே குணம் உண்டு. உடம்பில் எந்த அழற்சி வந்தாலும் இந்த நொதி மந்தமாகி, மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

தசை என்றால் இதயம் மட்டுமில்லை. கைகால் தசைகளும் மனநோய் மருந்துகளால் பாதிக்கப்படலாம். அதைக் காட்டும் பரிசோதனை சி.கே. அரிதாகச் சிலருக்குக் கடுங்காய்ச்சலோடு உடம்பு முழுக்க விறைத்து, சி.கே ஆயிரக்கணக்கில் ஏறும். எந்த மனநோய் மருந்திலும் வரக்கூடிய அவசர நிலை அது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு சிலருக்கு, குளோசபைனிலும் ஒலான்சபைன் என்ற இன்னொரு மனநோய் மருந்திலும், விறைப்பே இல்லாமல் சி.கே மட்டும் ஏறும். ஆனால் சி.கே ஏறியிருந்தாலே மருந்துதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. பின்பக்கம் போட்ட ஒரு ஊசி அதை ஏற்றும். மன்னவனூரில் கேரட் மூட்டை தூக்கி லாரியில் அடுக்கியவருக்கும் மறுநாள் அது ஏறியிருக்கும். இதயத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் ட்ரோபோனினைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது மலைக்கு வருவோம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று மேல்மலை ஊர்கள். அங்கிருந்து கொடைக்கானலுக்கு வருவதே வளைவும் ஏற்றமுமான பாதை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குச் சுமார் 120 கிலோமீட்டர். மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும்; கூடப் போகிறவருக்கும் ஒரு நாள் கூலி போகும். மலைப்பாதையில் வாந்தி, மயக்கம் வேறு. வாரா வாரம் இரத்தப் பரிசோதனை என்றதும், ஐயா, வேறு மாத்திரையே கொடுத்துவிடுங்கள் என்று குடும்பம் கேட்பதில் வியப்பில்லை. தூரத்தை நினைத்து மருத்துவரும் தயங்கலாம். கடைசியில், அந்த மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு அது எட்டாமலே போகிறது. அல்லது பரிசோதனை இல்லாமல் எட்டுகிறது. இரண்டுமே அநியாயம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெள்ளை அணுக்களை எண்ண முதல் மாதங்களில் வாரா வாரம் எப்படியும் இரத்தம் எடுக்கிறோம். ட்ரோபோனினுக்கும் சி.ஆர்.பி.க்கும் தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை. அதே கை, அதே ஊசி. கூட ஒரு குழாய் இரத்தம். அதுவும் நான்கே வாரத்துக்கு. மொத்தம் ஐந்து தடவை. பரிசோதனையே தடையாகிவிடவும் கூடாது. அமெரிக்கா இரத்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கிய தன் பதிவுத் திட்டத்தையே 2025-ல் கைவிட்டுவிட்டது. அந்தக் கெடுபிடி பலரை மருந்திலிருந்து விலக்கியே வைத்தது என்பது ஒரு காரணம். பரிசோதனை தேவையில்லை என்று அதற்குப் பொருளில்லை. நோயாளியைத் தேடிப் போகும் பரிசோதனை வேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

அது நம் மாநிலத்துக்கு முடியாத காரியமில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர், பக்கத்திலேயே மருந்துக்கடை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிறது. மேல்மலையிலும் கீழ்மலையிலும் குளோசபைன் தொடங்குகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஐந்து தடவை ஒரு செவிலியர் போய் இரத்தம் எடுத்து, நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் குறித்து, மாதிரியைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். பழனி மலை முழுவதிலும் ஒரு ஆண்டில் இந்த மருந்தைத் தொடங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்களாகவே இருப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியது உண்டு. மாத்திரை தொடங்கும் நாளில், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளை எறிந்துவிடாமல் எடுத்துவைத்துத் தேதியை வட்டமிடுங்கள். அதிலிருந்து 28 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். இடையில் எந்த நாளிலாவது காய்ச்சல், படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஓயாத அசதி, இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். குளோசபைன் தொடங்கி இத்தனையாவது நாள் என்று சொல்லி, ட்ரோபோனினும் சி.ஆர்.பி.யும் ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லுங்கள்.